பலகை எண்படி

லுத்தரன் உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகக் குழுச் செயலாளரும், என் அக்காவைக் கட்டிய உரிமையில் இருபது வருடமாக என்னை அதட்டி வருபவருமான மதிப்புக்குரிய அத்தான் அவர்களின் சமூகத்துக்கு, அதே பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரும், உங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவனுமான மைத்துனன் எழுதிக்கொண்டது.

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். உங்கள் சர்க்கரை, அக்காவின் முதுகு வலி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் பார்த்தபோது இருந்தபடியே இருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. இதைக் கடித வழக்கத்துக்காக மட்டும் எழுதவில்லை. நான் நிற்கத்தான் போகிறேன், குனிவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மேசையில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா, வெக்கப்படாத" என்று சொன்ன அதே மனிதர், செவ்வாய்க்கிழமை தபாலில் என்னைக் "கீழ்க்கண்ட ஊழியர்" என்று கூப்பிடுகிறார். நீங்கள் அனுப்பிய மெமோவை மூன்று முறை படித்தேன். ஆலயத்தின் பரிசுத்தமான எண் தகடுகளைக் கால்பந்து மைதானத்துக்கு எடுத்துப் போனது முதல் குற்றமாம். பேராயர் அவர்களை அடக்க ஆராதனைப் பாட்டுப் பாடி வரவேற்க வைத்தது இரண்டாவதாம். வருகிற திங்கட்கிழமை காலை ஜெபத்தில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டுமாம், அதற்கு மூன்று நகல் வேறு. வாசிக்காவிட்டால் ஆலயப் பொறுப்பையும் மைதானத்தையும் பிடுங்கிக்கொண்டு என்னைப் பரீட்சைத் தாள் அறையில் உட்கார வைப்பீர்களாம். கிரியையினால் அல்ல, கிருபையினாலே என்று தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இது, அத்தான். நமக்கு எதற்கு மூன்று நகல்?

முதலில் தகடு விவகாரத்துக்கு வருகிறேன். மைதானத்து ஸ்கோர் பலகையின் எண்களைக் காற்று அடித்துக்கொண்டு போய் நான்கு வருடம் ஆகிறது. புதிது கேட்டு நான் எழுதிய மனுக்கள் உங்கள் மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. அதனால் ஆட்டம் உள்ள நாளில், ஆலயத்தில் அன்றைய பாட்டின் எண்ணைக் காட்டுகிற பாட்டுப் பலகையின் தகடுகளை எடுத்துப் போய், முடிந்ததும் துடைத்து மாட்டிவிடுவேன். இது போதகருக்குத் தெரியும், ஆர்கன் டீச்சருக்குத் தெரியும், ஆலயத்தில் குடியிருக்கிற புறாவுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நம் அணிக்கு இத்தனை நாளும் பூஜ்யம் ஒன்றே போதுமானதாக இருந்ததுதான். வியாழக்கிழமை நாம் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். பதினோரு வருடத்தில் முதல் தடவை! கணக்கு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடினார். அந்தச் சந்தோஷத்திலும் நான் பொறுப்பை மறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆலயத்துக்குப் போய், மறுநாள் ஆராதனைக்குக் குறித்துக் கொடுத்த இருநூற்றுப் பதினான்காம் பாட்டைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ஒன்றுக்கு இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை என்ன நடந்தது என்று நீங்களே முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தீர்கள், இருந்தாலும் என் பக்கத்திலிருந்தும் கேளுங்கள். புதிய ஆய்வுக்கூடத்தைப் பிரதிஷ்டை செய்யப் பேராயர் வந்திருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவரைச் சாவின் வாசலிலிருந்து தூக்கிவிட்ட தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று தலைமையாசிரியர் கண்ணீரோடு ஜெபித்து முடிக்கிறார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அடுத்தது "பாட்டு: பலகை எண்படி" என்று இருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தால் பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. சரீரத்தை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிற பாட்டு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு பள்ளிக்கூடமாக இருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள். நம் பள்ளிக்கூடத்தில் பலகையில் என்ன இருக்கிறதோ அதைப் பாட வேண்டும், ஆரம்பித்த பாட்டைக் கடைசிச் சரணம் வரைக்கும் முடிக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். ஆர்கன் டீச்சர் எண்ணைப் பார்த்தார், ஒரு நொடி கண்ணை மூடினார், வாசித்தார். அறுநூறு பேரும் எழுந்து பக்கத்தைப் புரட்டினார்கள். இரண்டாம் சரணத்தில் தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லிக் கையைக் கீழே இறக்கினார். ஆர்கன் டீச்சர் இன்னும் மெதுவாக வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் சரணத்தில் தலைமையாசிரியர் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்ட, டீச்சர் ஆர்கனின் எல்லா ஸ்வரக் குழாய்களையும் திறந்துவிட்டார். நீங்கள் உங்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். ஐந்தாம் சரணத்தில் பேராயர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது மெமோவில் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன். "ரொம்ப நல்லாப் பாடுனீங்க பிள்ளைங்களா. நான் போறப்ப இதே மாதிரி பாடணும், சரியா?" என்றார். பிள்ளைகள் சத்தமாக "சரி ஐயா" என்றார்கள். அவருக்கு வராத கோபம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

நான் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. போன மாதம் நம் வாட்ச்மேனுடைய மனைவி இறந்துபோனார். பத்தொன்பது வருடம் அந்த ஆலயத்தைப் பெருக்கியவர், பெஞ்சு பெஞ்சாகத் துடைத்தவர். அடக்கத்துக்குப் பள்ளிப் பாடகர் குழுவை அனுப்பச் சொல்லி வாட்ச்மேன் கேட்டு வந்தபோது நீங்கள் என்ன எழுதினீர்கள்? நிரந்தர ஊழியர்களின் குடும்பத்துக்கு மட்டும் என்றும், இவர் தற்காலிகம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். குழிக்குப் பக்கத்தில் நின்று இதே பாட்டைப் பாடியது போதகரும் நானும்தான். அவர் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. பாட்டு கேவலமாக இருந்தது, அத்தான். எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. எப்போதும் வாசலுக்கு வெளியே நிற்கிற அந்த மனிதர் வெள்ளிக்கிழமை உள்ளே வந்து, கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, புத்தகம் இல்லாமல் ஏழு சரணமும் பாடினார். அதைப் பார்த்த பிறகு அந்தப் பாட்டுக்காக மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. வரவே வராது.

அதுவும் போகட்டும். எண்ணை நான் தப்பாக மாட்டவில்லை. இதைப் பலிபீடத்தின் முன்னால் நின்று சொல்வேன். யாரோ இரண்டையும் நாலையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். தைரியம் இருந்தால் விசாரணை வையுங்கள்! ராத்திரியும் காலையும் ஆலயச் சாவி யார் யார் கையில் இருந்தது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதி வாங்குங்கள். உண்மை வெளியே வந்தே தீர வேண்டும். அதுவரைக்கும் ஒரு வரி மன்னிப்பும் என்னிடமிருந்து வராது. பரீட்சைத் தாள் அறையில் உட்கார வைத்தால் அங்கேயும் விசில் ஊதுவேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், வேறு வழியில்லை. சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக, முடிந்தால் உங்கள் அலுவலகத்திலும் தங்குவதாக.

இப்படிக்கு,
எதற்கும் அஞ்சாத
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். பள்ளித் தபாலை எடுத்துப் போக வாட்ச்மேன் வந்தார். உறையில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார்.

"சார், இது அந்த நம்பர் விஷயமா?"

"ஆமா. விசாரணை வைக்கச் சொல்லி எழுதியிருக்கேன். எவன் மாத்துனான்னு தெரிஞ்சிடும்."

"நான்தான் சார் மாத்துனேன்" என்றார். "அவ புஸ்தகத்துல அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருந்தா. அறுநூறு பேரும் பேராயர் ஐயாவும் ஒண்ணா வர்ற நாள் அது ஒண்ணுதான். ஒரு வரி பாடிட்டு நிறுத்திருவாங்கன்னுதான் நெனச்சேன் சார். அந்த ஒரு வரி போதும்னு இருந்தது. முழுசாப் பாடிட்டாங்க."

தபாலை நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

ஆகையால், அத்தான், மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை. விசாரணை வேண்டாம். சாவி என் ஒருவன் கையில்தான் இருந்தது. ஜெயித்த குஷியில் கண் மண் தெரியாமல் தகட்டை மாற்றி மாட்டியது நான், நான் மட்டும். மன்னிப்புக் கடிதம் மூன்று நகல் இத்துடன் இருக்கிறது, கையெழுத்தும் போட்டாயிற்று. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்து வாசிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அக்காவிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்னால் அவளும் படிப்பாள், படிக்கட்டும். அதன் பிறகு உங்களுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். மன்னிப்பு வாசித்து முடித்ததும் ஒரு பாட்டு உண்டு அல்லவா? திங்கட்கிழமை வரைக்கும் பலகை என் பொறுப்பில்தான் இருக்கிறது. நிரலில் எண் எதையும் அச்சடிக்க வேண்டாம். பலகை எண்படி என்று மட்டும் போடச் சொல்லுங்கள்.