எட்டாவது வாத்தியார்

ஏழு பேர் தயார். எட்டாவது ஆளில்தான் வண்டி நின்றுவிட்டது.

நேசக்குமார் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு செல்போன் கேம் செய்து கொடுப்பவன். ஊரின் மிஷன் பாய்ஸ் ஸ்கூலும் கேர்ள்ஸ் ஸ்கூலும் சேர்ந்து சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பு நடத்தப்போகின்றன. அதற்கு ஒரு சண்டை கேம் செய்து தருவதாக வாயைக் கொடுத்திருந்தான். சண்டை போடுகிறவர்கள் வேறு யாருமில்லை, இரண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார்களும்தான். பாய்ஸ் பக்கம் நாலு பேர், கேர்ள்ஸ் பக்கம் நாலு பேர். நமக்குக் கொடுத்ததை எல்லாம் இனி அவர்களுக்குள் கொடுத்துக்கொள்ளட்டும் என்கிற நல்லெண்ணம்.

யாருக்கு இடம் என்று வாட்ஸ்அப்பில் மூன்று வாரம் அடித்துக்கொண்டார்கள். தமிழய்யா லிங்கராஜ் ஒருமனதாகத் தேர்வானார். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் நெற்றியில் சாக்பீஸ் எறிவதில் அவருக்குக் குறி தப்பியதே இல்லை. பி.டி. மாஸ்டர் இசக்கியப்பனுக்கு விசில். கேர்ள்ஸ் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் தேவமணி டீச்சர் கையே ஓங்க வேண்டாம். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் எதிரிக்குப் பாதி உயிர் போய்விடும்.

கேர்ள்ஸ் பக்கம் நாலாவது டீச்சரை மட்டும் பெண்கள் குரூப்பின் தலைவி ஜெப்ஸி இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஷெர்லி போன் செய்தாள். நேசக்குமார் கட்டிக்கொள்ளப்போகிற பெண்.

"அப்பா பேரு லிஸ்ட்ல இல்லியாமே?"

"சார் ஒருத்தரையும் அடிச்சதே இல்லியே ஷெர்லி. மரியாதைக்குத்தான் விட்டேன்."

"அந்த மரியாதைய நேர்ல வந்து சொல்லுங்க. அப்பா மத்தியானம் சாப்பிடல."

நேசக்குமார் உடனே பைக்கை எடுத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்யாணத்துக்கு சர்ச்சில் முதல் ஓலை வாசிக்கிறார்கள். மூன்று ஞாயிறு சபை முன்னால் பெயரை வாசித்து, யாருக்கும் தடையில்லை என்றால்தான் தாலி. ஷெர்லியின் அப்பா, பாய்ஸ் ஸ்கூலில் வாத்தியாராக இருந்து ரிட்டயரான ஜேசுபாதம் சார் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வருஷக் காதல் அங்கேயே ஆமென்.

அவன் போனபோது ஷெர்லியின் அம்மா கிருபாபாய் வாசலில் வத்தல் காயப்போட்டு, வந்த காக்கையை ஓர் அடி மரஸ்கேலால் விரட்டிக்கொண்டிருந்தார். காக்கை திரும்பிப் பார்க்காமல் பறந்தது.

"வாங்க மாப்ள. தேவமணி டீச்சர நல்லா வச்சிருக்கியளா? அவங்க பாத்தா எங்க ஸ்டாஃப் ரூம்ல ஃபேனே நின்னுரும்."

"வச்சிருக்கேன் அத்தை" என்றபடி நேசக்குமார் உள்ளே பாய்ந்தான்.

ஜேசுபாதம் சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸு. விசில் ஊதுனவன்லாம் வீரன், நான் ஒண்ணுமில்ல. அப்படித்தான?"

"சார், நீங்க அன்பானவரு..."

"அன்பு! ரிட்டயர்மென்ட்ல குடுத்த சால்வையிலயும் அததான் எழுதுனானுவ. ஞாயித்துக்கெழம ஓலை வாசிப்பாங்கல்லா? பாஸ்டர் ஆட்சேபணை உண்டான்னு கேப்பாரு. எனக்குக் காது நல்லா கேக்கும்."

கிருபாபாய் காபியோடு வந்து நின்றார். நேசக்குமாருக்கு மூளை மின்னலாக வேலை செய்தது. ஜேசுபாதம் சார் எப்போதோ இரண்டு மாதம் கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு மாற்றுப் பணியில் போனவர்!

"சார், கேர்ள்ஸ் பக்கம் நாலாவது சீட் காலியா கெடக்கு. அது உங்களுக்குத்தான்."

சார் சுவரிலிருந்து திரும்பினார். கிருபாபாய் காபியை மேஜையில் வைத்தார். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தார்.

"அம்மாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்களேன்" என்று வாசல் கேட் வரை வந்த ஷெர்லி சொன்னாள்.

"அத்தை எப்பவும் நம்ம பக்கம்" என்று பைக்கைக் கிளப்பினான்.

மறுநாள் ஜெப்ஸி போனில் பிடித்துக்கொண்டாள். "எங்க சீட்ல ஆம்பளையா? நாங்க ஒரு டீச்சர் பேரு சொல்லலாம்னு..."

"அடுத்த கேம்ல வச்சுக்கிடலாங்க" என்று வைத்துவிட்டான்.

அன்று மாலையே கதவிடுக்கில் ஒரு மொட்டைக் கடிதம். இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. ஆனால் நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டிருந்தது.

'ஒரு பிள்ளையையும் அடிக்காதவருக்குச் சண்டையில் என்ன இடம்? ஆதாரத்துடன் விடை தருக.'

பாய்ஸ் குரூப் அட்மின் ஷாமுக்கும் ஒரு நகல் போயிருந்தது. அவன் நேசக்குமாரின் பள்ளித் தோழன்.

"ஏலே, இதுக்கெல்லாமா பயப்படுத? சார்கிட்ட அடி வாங்குன ஒருத்தன் போதும்" என்று புரோட்டாக் கடை மகாராஜாவைக் கூட்டிவந்தான். மகாராஜா கேமராவைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"சார் எங் காதத் திருகுனாரு. இன்னும் இங்கன வலிக்கி."

வீடியோ போன வேகத்தில் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து பேருக்கு அவரே அனுப்பினார். புதன்கிழமை இரண்டாவது கடிதம் வந்தது, அதே மார்ஜினோடு.

'மகாராஜா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஜேசுபாதம் பாடம் எடுத்தது பத்தாம் வகுப்புக்கு. விடை தவறு.'

குரூப் கைகொட்டிச் சிரித்தது. சார் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டதாக ஷெர்லி தகவல் சொன்னாள்.

"ஓட்டுக்கு விட்டுருவோம்ல" என்றான் ஷாம். அந்த சீட்டுக்குச் சார் ஒருபக்கம், அடிக்குப் பேர்போன பாய்ஸ் ஹாஸ்டல் வார்டன் சங்கரபாண்டியன் ஒருபக்கம்.

ஓட்டு என்றால் போனில் பொத்தானை அமுக்குவது என்று நேசக்குமார் நினைத்தான். அவன் வளர்ந்த ஊரை அவனே மறந்தது தப்பு. சர்ச் சபைத் தேர்தலில் பழகின கைகள் சும்மா இருக்குமா? மதியத்துக்குள் இரண்டு அணி. சாயங்காலம் இரண்டு ஃப்ளெக்ஸ். வியாழக்கிழமை ஆட்டோவில் மைக். 'அமைதியின் ஆயுதம் ஜேசுபாதம்' என்று ஓர் அணி பிரியாணி போட, மற்ற அணி கோர்ட்டில் ஸ்டே வாங்க வக்கீலைப் பார்த்துவிட்டது. வக்கீல் இரண்டு அணியின் பிரியாணியையும் சாப்பிட்டதால் ஸ்டே வரவில்லை.

வெள்ளிக்கிழமை சார் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். கூடவே மூன்றாவது கடிதம்.

'கேர்ள்ஸ் ஸ்கூல் சீட்டுக்கு பாய்ஸ் மட்டும் ஓட்டுப் போட்டீர்கள். பூஜ்யம்.'

"வார்டன் ஆளுவதான். தோத்த கடுப்பு" என்றான் ஷாம். நேசக்குமாருக்கும் அப்படித்தான் பட்டது. கடிதத்தை மடித்துப் போட்டுவிட்டு, சாருக்கு என்ன அடி வைப்பது என்று யோசித்தான். அடிக்காதவருக்கு எதைக் கொடுப்பது? பத்தாம் வகுப்பில் காப்பி அடித்து மாட்டியபோது சார் அவனை என்ன செய்தார் என்று நினைத்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சு சுருக்கென்றது.

சனிக்கிழமை பெரிய திரையில் கேம் ஓடியது. தமிழய்யா சாக்பீஸ் மழை பொழிந்தார். ஜேசுபாதம் சார் அசையாமல் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "உன்கிட்ட இத எதிர்பார்க்கல தம்பி" என்றார். தமிழய்யா அப்படியே குப்புற விழுந்தார்.

அரங்கம் எழுந்து நின்றது. பாதிப் பேர் அழுதார்கள். எல்லாரும் அந்த அடியை வாங்கினவர்கள்தான். நிஜ ஜேசுபாதம் சார் மேடைக்கு ஏறி நேசக்குமாரைக் கட்டிக்கொண்டார்.

"நாளைக்கு ஒண்ணுக்கும் பயப்படாத. எனக்கு ஆட்சேபணையே இல்ல மாப்ள!"

அவர் வாயிலிருந்து முதல் மாப்பிள்ளை. நேசக்குமாருக்குக் கால் தரையில் இல்லை. முன்வரிசையில் கிருபாபாய் மட்டும் கைதட்டவில்லை. அத்தைக்கு வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டு முந்திரி மெக்ரூன் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. பாஸ்டர் முதல் ஓலையை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைப் பார்த்தார். நேசக்குமார் ஓரக்கண்ணால் சாரைப் பார்த்தான். சார் கட்டைவிரலை உயர்த்தினார். வார்டன்கூடச் சும்மாதான் இருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

பெண்கள் பக்கம் ஒரு பெஞ்ச் கிரீச்சிட்டது.

"எனக்கு ஆட்சேபணை உண்டு பாஸ்டரையா."

எழுந்து நின்றது கிருபாபாய். கைப்பையிலிருந்து மரஸ்கேலின் முனை எட்டிப்பார்த்தது. ஷெர்லி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன காரணம்மா?" என்று பாஸ்டர் திகைத்துப்போய்க் கேட்டார்.

"மார்ஜின் போட்டு மூணு கடிதாசி எழுதிட்டேன் ஐயா, மாப்பிள்ளைக்கு இன்னும் வெளங்கல, கேர்ள்ஸ் ஸ்கூல்ல முப்பத்திரண்டு வருஷம் ஸ்கேல் எடுத்து அடிச்சவ நானு, சீட்டு அவருக்கா?"