நாற்பத்தேழு மார்க்குக்கு ஒரு பாயாசம்

நான் சும்மாவே பயந்தவள். மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம். மழை நின்றால் பீலிக் குழாயில் தண்ணீர் வற்றுமோ என்று பயம். இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த புருஷன், ஐம்பத்தெட்டு வயதில் பாறை மேல் பைக் ஓட்டுகிறவர்.

பாதையில் இல்லை. பாறை மேல்.

றக்வானப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர் இராஜசிங்கம். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் கோழி வளர்ப்பார்கள். இவர் ட்ரயல் பைக் வாங்கினார். அதில் வேகமாக ஓடுவதெல்லாம் கிடையாது. நின்றுகொண்டே, மெதுவாக, பாறை, ஓடை, விழுந்த மரம் எல்லாவற்றின் மேலும் ஏற்றி இறக்க வேண்டும். உட்கார சீட்டே இல்லை. சீட் இல்லாத பைக்கை யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன்.

"சீட் இருந்தா நீ பின்னால ஏறிக்குவ" என்றார்.

வாங்கியதும் சின்னதா? எருமை மாதிரி ஒன்று. அது விழுந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் விழுந்தாலும் இரண்டு ஆள் வேண்டும். இரண்டும் சேர்ந்து விழுந்தால், வீட்டில் நான் ஒருத்திதான்.

டவுனுக்கு மேலே கைவிட்ட கல் குவாரியில் வருஷா வருஷம் போட்டி நடக்கும். முதல் தடவை நான் பார்க்கப் போகவில்லை. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சேறும் சிரிப்புமாக வந்தார்.

"எத்தனை மார்க்குங்க?"

"நாற்பத்தேழு."

"அப்லால் தம்பிக்கு?"

"ஒம்பது."

அப்லால் டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். இவரைவிட இரண்டு வயதுதான் இளையவர். அவருடைய பைக் ஆட்டுக்குட்டி மாதிரி சின்னது.

"அவரு கையில கப் இருந்துச்சுன்னாங்களே?"

"அது ஆறுதல் பரிசு."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதற்காக நாற்பத்தேழு பெரிதா, ஒன்பது பெரிதா என்று தெரியாதா? பாயாசம் வைத்தேன். ஒரு கிண்ணத்தை அப்லால் வீட்டுக்கும் கொண்டுபோனேன். அவர் மனைவி ஷிப்னாவிடம், "தம்பிய மனசு தளர வேணாம்னு சொல்லும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னேன். அந்தப் பெண் பாயாசத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேசாமல் வாங்கிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு.

அடுத்த போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் எருமை அவர் கால் மேல் படுத்துவிட்டது. நாட்டு வைத்தியர் வெதமாத்தயா எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டார். நான் அழாத குறையாகச் சொன்னேன்.

"ஏங்க, அப்லால் தம்பி மாதிரி சின்னதா, லேசா ஒண்ணு எடுத்துக்கங்களேன். வயசுக்குத் தக்க."

"நாற்பத்தேழு எடுத்தவன், ஒம்பது எடுத்தவனப் பாத்து மாறணுமா?"

மார்க் அவர் பக்கம் இருந்தது.

இரண்டாவது போட்டிக்கு நானும் போனேன். கையில் எண்ணெய், பஞ்சு, பிளாஸ்டர், சூடான தேநீர். பாறைக்குப் பக்கத்தில் ஒரு சிங்களப் பையன் நடுவராக நின்றான். என் வீட்டுக்காரர் கால் ஊன்றும்போதெல்லாம், "கக்குல பிம" என்று கத்தி ஒரு விரல் காட்டினான். கால் தரையில் என்று அர்த்தம். சரி, காலை வைத்தால் ஒரு மார்க் என்று நான் கைதட்டினேன். இவர் மறுபடி கால் வைத்தார். மறுபடி தட்டினேன். ஒரு கட்டத்தில் இவர் பைக் ஓட்டுகிறாரா, பைக்கைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாரா என்றே தெரியவில்லை. என் உள்ளங்கை சிவந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஷிப்னா மெல்ல என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தட்டாதீங்க."

"ஏம்மா, உங்கவருக்கு ஒரு விரலும் காட்டலன்னு வருத்தமா?"

"ஒண்ணும் காட்டாட்டித்தான் அக்கா நல்லம். கால் வைக்கிறது ஒவ்வொண்ணும் ஒரு குத்தம். ஆகக் கூட எடுத்தவர்தான் கடைசி."

"அப்ப போன வருஷம் நாற்பத்தேழு?"

ஷிப்னா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். "பாயாசம் நல்லா இருந்திச்சக்கா."

ஒரு நிமிஷம் பாறையைப் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கி முன்னைவிடப் பலமாகத் தட்டினேன்.

"விளங்கின பிறகுமா அக்கா?"

"நிறுத்தினா அவருக்கு விளங்கிரும்மா."

சண்டை போடலாம். போட்டால் ரோஷம் வரும். ரோஷம் வந்தால் அந்த எருமையைச் சாகும் வரை விடமாட்டார். எனக்கு வேண்டியது அவருடைய தோல்வி இல்லை. அவருடைய கால்.

அன்று சாயங்காலம் அப்லாலையும் ஷிப்னாவையும் தேநீருக்குக் கூப்பிட்டேன்.

"என்னங்க, இந்தத் தடவ எத்தனை?"

"ஐம்பத்திரண்டு" என்றார், சுவரைப் பார்த்து.

"அஞ்சு கூடியிருக்கே. தம்பி, உங்களுக்கு?"

"எட்டு அக்கா" என்றார் அப்லால், பணிவாக.

"போன தடவயவிட ஒண்ணு குறைஞ்சிருச்சே. பாவம். எல்லாம் அந்தச் சின்ன பைக்கால வர்றது. ஏங்க, உங்க பெரிய பைக்க கொஞ்ச நாளைக்குத் தம்பிக்குக் குடுத்துட்டு, அவரோடத நீங்க ஓட்டுங்களேன். அவரும் நாலு மார்க் எடுக்கட்டும்."

"அது எப்படி ரதி..."

"ஏன், உங்களுக்கு மார்க் குறைஞ்சிரும்னா?"

"குறைஞ்சா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். மேலே போனாலும் பாறை, கீழே போனாலும் பாறை.

"குறைஞ்சா குறையட்டும். விட்டுக்குடுங்க. ரெண்டு வருஷத்துலயே தொண்ணூத்தொன்பது சேத்துட்டீங்களே."

அப்லால் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடுங்கண்ணே. அந்தளவு எடுக்க என்னாலயும் ஏலுமான்னு பாக்கிறேன்."

முதல் நாள் என் வீட்டுக்காரர் ஆட்டுக்குட்டியை முகம் சுளித்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார். அந்த வாரமே சீட்டி அடித்தபடி திரும்பி வந்தார். முழங்காலுக்குத் தைலம் கேட்கவில்லை. வாய்க்கால் வந்தால் அவரே பைக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அப்லாலுடையதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்ததும் இரத்தினபுரிக்குப் போய், அதே மாதிரி ஒன்றை நின்று பார்த்து, இறங்கிப் பார்த்து, தூக்கிப் பார்த்து வாங்கி வந்தார். எருமை பெல்மதுளைப் பக்கம் ஒரு வாலிபனிடம் போய்விட்டது.

"சும்மா ஒரு மாற்றத்துக்குத்தான் ரதி. மார்க் குறையும். பரவாயில்ல."

"உங்க நல்ல மனசுங்க" என்றேன்.

இந்த வருஷப் போட்டியில் ஓடை தாண்டினார், மரம் தாண்டினார், பெரிய பாறையும் ஏறினார். கால் தரைக்கு வரவேயில்லை என்று சொல்லலாம். எனக்குக் கண் கலங்கியது. கையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டிருந்தேன். கப்பைத் தூக்கிக்கொண்டு, பைக்கையும் தள்ளிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி என் முன்னால் வந்து நின்றார்.

"என்ன ரதி, ஒரு தடவயும் கை தட்டல?"

"எத்தனை மார்க்குங்க?"

"நாலு."

"நாலா? அய்யோ பாவம். போகட்டும், ஆறுதல் பரிசாவது குடுத்தாங்களே."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் பரிசு என்று சொன்னால்தானே பாயாசம்.

"ரதி... இந்த விளையாட்டுல மார்க் குறைஞ்சாத்தான் நல்லது."

"எப்பருந்துங்க?"

"ஆரம்பத்திலருந்தே."

"அப்ப அந்தத் தொண்ணூத்தொன்பது?"

ஷிப்னா மறுபடி முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார், அப்லாலைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார். மெதுவாக விளங்கியது.

"போன வருஷம் அவ்வளவு கை தட்டினியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"பாதியிலருந்துங்க" என்றேன்.

பாவம், அவருக்கு உடனே எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. கையில் இருந்த பைக்கில் சீட் இல்லை.