சேனல் பதினெட்டில் வந்த வெள்ளம்

இந்த வருஷம் கிளெனிஸ் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். நானே எடுத்தேன். வீட்டில் எந்த எதிர்ப்பும் வரவில்லை. ஏனென்றால் வீட்டில் சொல்லவில்லை.

கிளெனிஸ் என் மனைவி ரேலீனின் அக்கா. மேற்கே, செம்மண் காட்டு நடுவில், ஆட்டுப் பண்ணை வைத்துக்கொண்டு ஒண்டியாக இருக்கிறாள். வருஷா வருஷம் குளிர் ஆரம்பித்ததும் நாங்கள் கடற்கரையிலிருந்து, காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு மேற்கே கிளம்புவோம். ஓய்வுக்கால உல்லாசப் பயணம் என்று பேர். உல்லாசம் ரேலீனுக்கு. பயணம் காருக்கு. எனக்கு கிளெனிஸ் வீட்டுக் கூரை.

"நெவில் சும்மாதானே இருக்கான்" என்பாள் கிளெனிஸ். அவ்வளவுதான், என் கையில் சுத்தியல் முளைத்துவிடும். வேலி சாய்ந்திருக்கும். கோழிக்கூண்டுக் கதவு தொங்கும். தண்ணீர் பம்பு இருமும். போன வருஷ விடுமுறை முழுக்கத் தண்ணீர்த் தொட்டியின் தலைமேல் கழிந்தது. கீழே அக்காளும் தங்கையும் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்தபடி, "கொஞ்சம் இடது பக்கம் அடி, நெவில்" என்று எனக்கு உற்சாகமூட்டினார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கூலபா மடு. ஆற்றின் ஓரத்தில், வெள்ளை மரங்களுக்குக் கீழே, பழுப்புத் தண்ணீர். அதில் மஞ்சள் வயிற்று மீன்கள். என்னிடம் புதுத் தூண்டில் இருக்கிறது. வாங்கி மூன்று வருஷமாகியும் புதுசாகவே இருக்கிறது. இதைவிடச் சோகமான செய்தி ஒரு மனிதனைப் பற்றி இருக்க முடியாது.

நேர்மையாகவும் ஒருதடவை முயன்று பார்த்தேன்.

"ரேலீன், இந்தத் தடவை நேரா மடுவுக்கே போயிடலாமா?"

"தாராளமா போலாமே."

"நெஜமாவா?"

"கிளெனிஸ் வீட்டுலேர்ந்து திரும்பி வர்றப்போ ஒரு மணி நேரம் நிறுத்தலாம். டீ குடிக்கலாம்."

நேர்மை என்ற வழி அத்துடன் அடைபட்டது. எனவே கிளெனிஸ் வீட்டுக்குப் போகும் வழியையே அடைப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்து ஆறுகளுக்கு ஒரு குணம். மழை எங்கேயோ வடக்கே பெய்யும். இங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். அதனால் ரோடு மூடியாச்சு என்று யார் சொன்னாலும் ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவைத்தான் கேட்பார்கள். மேற்கே கேரவன் இழுக்கிறவர்கள் எல்லாரும் வண்டியின் முதுகில் தங்கள் பேரையும் ரேடியோ சேனலையும் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் 'ரேலீன், நெவில் – சேனல் 18' என்றிருக்கும். பேர் வரிசை ஓவியரின் முடிவு என்று ரேலீன் சொல்கிறாள்.

இந்தத் தடவை எங்களுக்கு முன்னால் என் நண்பன் லயலும் அவன் மனைவி டெஸ்லியும் தங்கள் கேரவனில் போய்க்கொண்டிருந்தார்கள். லயல் நல்லவன். ஒரு பெட்டி பியருக்கு எதையும் செய்யும் அளவுக்கு நல்லவன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்று குசுகுசுத்தாலே பெண்கள் இருவருக்கும் மூக்கில் வேர்த்துவிடும்.

அதற்கும் ஓர் இடம் பார்த்தேன். முல்காரா ஊரில் இரவு தங்கினோம். ஒரு பப், ஒரு பெட்ரோல் பங்கு, அதற்கு மேல் போனால் போனில் சிக்னல் கிடையாது. அங்கே கேரவன் பார்க்கின் கோடியில் கக்கூஸ் பெட்டிகளைக் கொட்டிக் கழுவும் இடம் இருக்கிறது. கேரவன் உலகில் அது புருஷன்மார் வேலை. எந்த மனைவியும் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டாள். சாயங்காலம் பெட்டியோடு போனேன். சுற்றிலும் ஈ காக்கா இல்லை. சரி, ஈ இருந்தது. இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்து, பெட்ரோல் போடப் போயிருந்த லயலைக் கூப்பிட்டேன்.

"மச்சான், நாளைக்குக் காலையில மடுவுக்குப் பிரியற முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னாடி ரேடியோவுல சொல்லிடு. பிண்டி ஓடையில வெள்ளம், கிளெனிஸ் வீட்டுப் பக்க ரோடு மூடியாச்சுன்னு."

"டெஸ்லி பக்கத்துல இருப்பாளே?"

"வண்டி கிளம்புனா தூங்கிடுவான்னு நீதானே சொன்னே!"

"ஆமாமா. வாயைத் திறந்துகிட்டுத் தூங்குவா. பியரு?"

"ஒரு பெட்டி."

"பெரிய வெள்ளம்னே சொல்லிடறேன் மச்சான்."

கக்கூஸ் பெட்டியை அவ்வளவு சந்தோஷமாக நான் கழுவியதே இல்லை. திரும்பி வந்தபோது ரேலீன் காருக்குள் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "நல்லா கழுவினியா?" என்று சிரித்தாள். "பப் வரைக்கும் போய் கிளெனிஸுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். நாளைக்கு வர்றோம்னு சொல்லணும்." போ போ, நன்றாகச் சொல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை. நேர்க்கோடு போட்ட மாதிரி ரோடு. எதிரே வந்த ஒரே வண்டிக்காரனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கி வணக்கம் வைத்தேன். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று தபால்பெட்டியாக நிற்கும் முச்சந்தி தூரத்தில் தெரிந்தது. ரேடியோ கரகரத்தது.

"எல்லாரும் கேளுங்க. பிண்டி ஓடையில பயங்கர வெள்ளம். ரோடு மூடியாச்சு. ஆடெல்லாம் மிதந்து போவுது."

ஆடு நான் சொல்லாதது. கலைஞன் அவன்.

"அடக் கடவுளே!" என்றேன். குரலைக் கொஞ்சம் உடைத்தேன். "என்ன ரேலீன் இப்படி ஆயிடுச்சு!"

ரேலீன் முகத்தில் ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அந்தப் பக்கம் யாரும் போக முடியாதா நெவில்?"

"சான்ஸே இல்ல. ஒரு கங்காருகூடத் தாண்டாது."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வாரமாவது ஆகும்."

"அவ்ளோதானா?"

"மூணு வாரம்கூட ஆகலாம். எனக்குத் தெரியாத ஓடையா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலது பக்கம் திருப்பி, மடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

மடு அப்படியே இருந்தது. வெள்ளை மரங்கள், பழுப்புத் தண்ணீர், கூச்சல் போடும் கிளிகள். மிகப் பெரிய மரத்தடியில், நான் மூன்று வருஷமாகக் கனவில் நாற்காலி போட்ட அதே இடத்தில், ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் கிளெனிஸ். அவள் காலடியில் ஒரு வாளி. வாளியில் ஒரு மஞ்சள் வயிற்று மீன், என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது.

"வாப்பா நெவில்! ரொம்ப மெதுவா ஓட்டுவே போலிருக்கே!"

"நீங்க... எப்படி... பிண்டி ஓடை..."

"அதை ஏன் கேக்கறே! நாளைக்குக் காலையில வெள்ளம் வந்து ரோட்டை மூடப் போறாங்கன்னு ரேலீன் நேத்து சாயங்காலமே போன் பண்ணிச் சொல்லிட்டா. அதான் விடியறதுக்குள்ள ஓடையைத் தாண்டிட்டேன். ஆடுங்களைப் பக்கத்துப் பண்ணைக்காரன் பாத்துக்குவான்."

நேற்றுச் சாயங்காலம். என் கை தானாக இடுப்புக்குப் போனது. வாக்கி-டாக்கியைப் பார்த்தேன். சேனல் 18. கார் ரேடியோவும் 18. ரேலீன் காருக்குள் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே என் சதித்திட்டத்தை ஒலிபரப்பாகக் கேட்டிருக்கிறாள். அவள் மட்டுமா? அந்தப் பக்கத்தில் கேரவன் இழுக்கிற அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். காலையில் கேரவன் பார்க்கில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் ஊர் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

"பாவம் அக்கா. இனிமே வீட்டுக்கும் திரும்ப முடியாதே. ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். நெவில்தான் சொன்னான், அவனுக்குத் தெரியாத ஓடையா?" என்றாள் ரேலீன்.

"அதனால என்ன? எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள் கிளெனிஸ்.

எடுத்துத்தான் வந்திருந்தாள். பிக்கப்பின் முதுகில் தண்ணீர் பம்பு. அதன் மேல் கோழிக்கூண்டுக் கதவு. அதற்கும் மேல், பக்குவமாகத் துணி சுற்றி, சுத்தியல்.

"நெவில் சும்மாதானே இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே என் தூண்டிலை எடுத்துப் பார்த்தாள். "அட, புதுசு மாதிரி இருக்கே! ரேலீன், நீ இதை வெச்சுக்கோ."

நான் மெல்ல நழுவிக் காருக்குள் புகுந்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு தூண்டிலோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தை வரவழைத்தவனுக்கு வடியவைக்கத் தெரியாதா? ரேடியோவை எடுத்து, மறக்காமல் சேனலை மாற்றப் போனேன். வேறு சேனலில் லயல் இருக்கமாட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில்லை. பதினெட்டிலேயே கிசுகிசுத்தேன்.

"லயல்! மச்சான்! பிண்டி ஓடையில தண்ணி வடிஞ்சிடுச்சுன்னு உடனே சொல்லுடா. ரெண்டு பெட்டி பியர்!"

கரகரத்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவன் "ஐயோ பாவம்" என்றான். பிறகு ஒரு குரல் தெளிவாக வந்தது. லயல் குரலில்லை. தூக்கக் கலக்கம் துளியும் இல்லாத டெஸ்லியின் குரல்.

"நெவில், ரோடு இன்னும் மூடித்தான் இருக்கு. ரேலீன் எப்போ சொல்றாளோ, அப்போதான் தண்ணி வடியும்."