கல்வீட்டாரும் திராட்சைக் கொடியும்

இத்தாலியில், பலெர்மோ நகரம் முழுக்கத் தேடினாலும் கல்லுக்கு நாடி பிடித்துப் பார்த்த மனுசன் கல்வீட்டார் ஒருவர்தான். மழை விட்டதும் வெளியே வந்து, வில்லாச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தொண்ணூறுகளில் அந்த வில்லாவுக்குக் கிழமையில் மூன்று நாள் துப்புரவு வேலைக்குப் போனேன். முதல் நாள் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு மூளை தட்டிப்போட்டுது என்றுதான் நினைத்தேன்.

அது விக்டோரியா ராணி காலத்தில் ஓர் இங்கிலாந்து வைன் வியாபாரி கட்டிய கல் வீடு. கூர் வளைவு ஜன்னல்கள், வார்ப்பிரும்பு விறாந்தை, வாசலின் இரண்டு பக்கமும் கல்லிலேயே செதுக்கிய திராட்சைக் கொடி. பனியே கொட்டாத ஊரில், பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாய்க் கூரை! வேர்த்து வழிகிற ஊரில் ஐந்து புகைக்கூண்டு! பழைய கட்டடங்களைக் காக்கிற அரசாங்கக் கந்தோர் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தபடியால், அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. வீடு ஒரு வயதான இத்தாலிய அம்மாவுடையது; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் சனம் கல்வீட்டார் என்று பெயர் வைத்த காவல்காரர்தான் அந்தச் சட்டத்தை வேதமாய் எடுத்துக்கொண்டார்.

கேற்றடியில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அங்கே தன் முருகன் கலண்டரைக்கூட அவர் சுவரில் மாட்டவில்லை. முருகனைக் கதிரையில் இருத்தியிருந்தார். இருந்ததே ஒரு கதிரை என்பதால் போகிறவர்கள் நிற்க வேண்டியதுதான். தாளிக்கிற புகை கல்லில் படியும் என்று, மழை நாளிலும் தோட்டத்து மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு மீன் குழம்பு வைப்பார். கலியாண மண்டபத்துக்கு வந்தால், மாப்பிள்ளையைப் பார்க்க முன்னம் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு ஒருதரம் தேத்தண்ணி குடிக்க வந்தவர், உதிர்கிற சுவரைப் பார்த்துப் பார்த்து, செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்துவிட்டுப் போனார்.

எனக்கு வாய் கொஞ்சம் கூட. நீங்கள் கலியாணம் கட்டாததுக்கு இந்த வீடுதானே காரணம் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். ஓம் என்றார். உடனேயே, கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்தியதற்காக என்னை ஏசத் தொடங்கினார்.

வருசத்துக்கு ஒருதரம் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்து கட்டடத்தைப் பார்ப்பார். அந்த முறை அவர் வருவதற்கு முதல் நாள், நானும் என் பங்குக்கு வாசலைப் பளிச்சென்று ஆக்குவோம் என்று வெளிக்கிட்டேன். திராட்சைக் கொடிக்கு நடுவே, கல்லில் பதித்திருந்த கதவு மணியின் பித்தளைப் பிடி கறுத்துக் கிடந்தது. பித்தளை என்றால் புளிதானே? குத்துவிளக்கு மினுக்கிய கைக்கு வேறென்ன தெரியும்? பழப்புளியைக் கரைத்து அப்பி, நல்லாய் ஊறட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே ஜன்னல் துடைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பித்தளை பொன்னாய் மின்னியது. ஆனால் புளித்தண்ணி வழிந்த இடமெல்லாம் கல்லை அரித்து, இலைகளின் மேல் வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழுந்திருந்தது. அது சுண்ணாம்புக் கல், புளிப்புப் பட்டால் கரையும் என்று எனக்கு யார் சொன்னது? கழுவினேன், உரஞ்சினேன். இன்னும் மோசமாகியது.

கல்வீட்டார் வந்து பார்த்தார். இன்றைக்கு என்னைத் தொலைத்துவிடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மனுசன் ஒவ்வொரு இலையாய் விரலால் தடவினார். பிறகு, என் பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்க சிஞ்ஞோரா வேலைக் கடிதம் தந்துவிட்டாரா என்று கேட்டார். அந்தக் கிழமைதான் தருவதாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் நானும் என் இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டில் இருக்க ஏலாது. அது அவருக்கும் தெரியும்.

"நீ வாயைத் திறக்காதை, பிள்ளை. நான் கதைக்கிறன்," என்றார்.

அடுத்த நாள் அதிகாரி அந்தக் கோடுகளைப் படம் எடுத்தார். யார் செய்தது என்று சிஞ்ஞோரா கேட்டார். தான்தான் செய்தது என்று கல்வீட்டார் தன் உடைந்த இத்தாலியனில் சொன்னார். சுவரில் சாய்ந்து நின்ற தபால்காரனைக்கூடத் துரத்தின மனுசன், அதை எப்படித்தான் சொன்னாரோ. ஊரெல்லாம் அலட்டுகிற என் வாய் அன்றைக்கு மட்டும் சொல்வழி கேட்டது. மாதம் முடிய அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கடிதம் கிடைத்தது.

சீசா என்கிற பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் படிக்கட்டுக் கழுவுகிறார் என்று கேள்விப்பட்டேன். பஸ் ஏறினால் இருபது நிமிசம். நான் போகவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்காது.

இரண்டு வருசம் கழித்து பஸ் தரிப்பிடத்தில் அவரே எதிர்ப்பட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணை, நான் அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருக்க வேணும்."

அவர், பிள்ளைகள் ஒழுங்காய்ப் பள்ளிக்கூடம் போகினமோ என்று கேட்டார். போகினம் என்றேன்.

"பிறகென்ன? அது வெறும் கல்லுத்தானே, பிள்ளை."

சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். எனக்காக அண்ணை சொன்ன இரண்டாவது பொய் அது.