வாழைக்குலை நுழையாத பாலம்

கோப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் கனகசபாபதி அவர்களுக்கு,

இக்கரையில் நாங்கள் சுகம். அக்கரையில் நீங்களும் சம்பந்தியம்மாவும், மருமகள் சாருஜாவும், உங்களோடு வந்து குடியேறிவிட்ட என் மகன் நிருஷனும், முக்கியமாக எட்டு மாதப் பேத்தியும் சுகமாயிருக்க நல்லூரான் அருள்வானாக.

விஷயம் இதுதான். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் என்று ஆற்றுக்கு மேலே புதுப்பாலம் திறந்த அன்று என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் இந்த ஊரில் இல்லை. இரண்டு பஸ் மாறிச் சுற்றி வரவேண்டியிருந்த உங்கள் வீடு ஏழு நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிட்டது, தினமும் மிதித்துப் போய்ப் பேத்தியைத் தூக்கிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். என் மனுசி கமலாவதி விட்டால்தானே? "சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடை போறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்று முழு வாழைக்குலையைக் கரியரில் கட்டிவிட்டாள். மோட்டார் சைக்கிள் நுழையாதபடி பாலத்து வாசலில் நட்ட இரும்புத் தூண்களுக்கு நடுவே நான் புகுந்துவிட்டேன், குலை புகவில்லை. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டிச் சைக்கிள், ஒரு ஆடு என்று வரிசை நீண்டது. மீன்காரக் கனிசியஸ் வந்து குலையைத் திருகி எடுத்து, "ஐயா, இனி இவரைப் புறம்பா நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான். மூன்று சீப்பு ஆற்றோடு போயிற்று.

அத்தோடு முடிந்ததா? என் மணிச்சத்தம் கேட்டதும் நீங்கள் ஓடிப்போய் வேட்டி மாற்றி, சால்வை போட்டுக்கொண்டு வருகிறீர்கள். சம்பந்தியம்மா அடுப்பை மூட்டுகிறார். "மாப்பிள்ளை பகுதி சாப்பிடாமல் போனால் எங்களுக்கு என்ன மரியாதை?" என்று இலை போடுகிறார். நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்துப் பேத்தி நித்திரையால் எழும்பித் தவழ்ந்து வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், இரண்டு கையையும் நீட்டுகிறாள், நான் எச்சில் கையோடு இருக்கிறேன். பாயசம் முடித்துக் கை கழுவி வந்தால் பிள்ளை நித்திரை. நாலு தரம் வந்தேன், நாலு தரமும் இதே கதை. அடுத்த முறை வருவதென்றால் அடுத்த குலை முற்ற வேண்டும். வாழை பழுத்தால்தான் பேத்தி என்றால் பாலம் எதற்கு?

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நான் வெறுங்கையோடு வருகிறேன், நீங்கள் வீட்டில் கட்டியிருக்கிற சாரத்தோடேயே இருங்கள். தேத்தண்ணிகூட வேண்டாம். பிள்ளையை மட்டும் என் கையில் தாருங்கள்.

பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும், பேத்தியின் இரண்டு பல்லுக்கும் தனித்தனி ஆசீர்வாதமும்.

உங்கள் சம்பந்தி,
சி. நடராசா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது படலை திறந்த சத்தம். பார்த்தால் நீங்கள், சாரத்தோடு, வெறுங்கையோடு, பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். "சும்மா காத்துக்கு வந்தனாங்கள், உடனை போகவேணும்" என்றீர்கள். அதெப்படி? இலை போட்டாயிற்று. கமலாவதி மூன்றாம் தரம் சோறு போடுகிறாள். நான் இதை எழுதுவது வலக்கையால், இடக்கையில் பேத்தி, என் மூக்குக்கண்ணாடியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை உங்களுக்குத் தரப்போவதில்லை. ஆறுதலாக, அவசரப்படாமல் சாப்பிடுங்கள் சம்பந்தி, பாயசம் இனித்தான் அடுப்பில் ஏறுகிறது.