வேப்பிலை இல்லாத வாசல்

அஞ்சாபுரி என்று ஒரு நாடு. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ராஜா பெயர் அஞ்சாவர்மன். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனங்கள் மைதானத்தில் கூடிக் கை தூக்கி அவனையே ராஜாவாக்குவார்கள். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. அதனால் எண்ணுகிற வேலை சுலபம்.

அந்த நாட்டில் இரண்டு வழக்கங்கள். ஒன்று ஜனங்களுடையது. வீட்டில் ஒட்டுகிற நோய் கண்டால் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். பார்த்தவன் தெருவில் நின்றே குரல் கொடுப்பான்; கஞ்சியைப் படியில் வைத்துவிட்டுப் போவான். இதை யாரும் சட்டம் போட்டுக் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்னொன்று அரண்மனையுடையது. ராஜாவுக்குத் தண்ணீர் சுமந்து வருகிறவன், ராஜாவின் வெள்ளி டம்ளரிலேயே முதல் வாய் குடித்துக் காட்ட வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது, உதடு பட வேண்டும். அண்ணாந்தவன் விழுங்கினானா, வாயிலேயே வைத்திருக்கிறானா என்று தெரியாதாம். விஷம் என்றால் அவ்வளவு பயம், அஞ்சாவர்மனுக்கு.

தண்ணீர் சுமக்கிறவன் பெயர் இருளப்பன். பெண்டாட்டி போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஒரே மகள் காத்தாயி, நிறைமாதம்.

அந்த வருஷம் ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. முதலில் வறட்டு இருமல், பிறகு மூச்சுமுட்டல், பிறகு பாடை. வைத்தியர் ஆவுடையம்மாள் தெருத் தெருவாக வேப்பிலை கண்ட வீடுகளின் முன்னால் நின்று, யாருக்கு எப்போது வந்தது, யார் யாருடன் உட்கார்ந்து பேசினார்கள் என்று விசாரித்தார். சபைக்கு வந்து சொன்னார்.

“மூச்சுக்காத்துல ஒட்டுது மகாராஜா. இருமல் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டுது. இந்த வருஷம் மைதானத்துல கை தூக்குற கூட்டம் வேண்டாம்.”

“நிச்சயமாகவா?” என்று கேட்டார் மன அமைதித் துறை மந்திரி மெய்யப்பர்.

“அறுபது வீடு பார்த்ததை வெச்சுச் சொல்றேன். இன்னும் பார்த்தா இன்னும் தெரியும்.”

மறுவாரம் முந்நூறு வீடு பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் இல்லை, நாலு நாள் என்றார். மெய்யப்பர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“போன வாரம் இரண்டு. இந்த வாரம் நான்கு. காய்ச்சல் அப்படியேதான் இருக்கிறது. அம்மையாரின் வாய்தான் மாறிக்கொண்டே இருக்கிறது!”

சபை சிரித்தது. சபைக்கு வெளியே நின்ற ஜனங்களும் சிரித்தார்கள். இருளப்பனும் சிரித்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும். பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டவரை விட, எதையும் பார்க்காமல் ஒரே பேச்சில் நின்ற மந்திரியை நம்புவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. ஆவுடையம்மாளை யானைக் கொட்டடிக்கு மாற்றினார்கள். யானைகள் கேள்வி கேட்பதில்லை, பதிலும் எதிர்பார்ப்பதில்லை.

பிறகு மெய்யப்பர் பல்லக்கில் செக்கடித் தெருவைச் சுற்றிப் பார்த்தார். ஒரே தெருவில் நாற்பத்தொரு வாசலில் வேப்பிலை. திரும்பி வந்து அறிக்கை வாசித்தார்: “நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேப்பிலை தெரிகிறது. ஆகவே குடிமக்களை அச்சுறுத்துவது நோய் அன்று, வேப்பிலையே. அச்சம் உடலைப் பலவீனப்படுத்துகிறது. ஆகவே நோய்க்குக் காரணமும் வேப்பிலையே.”

“அருமை” என்றான் அஞ்சாவர்மன்.

முதல் உத்தரவு: வேப்பிலைக் கொத்து உள்ளங்கைக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. ஜனங்கள் சின்னதாகக் கிள்ளிச் செருகினார்கள். அப்போதும் தெரிந்தது. அடுத்த உத்தரவு: வேப்பிலையை அடுப்படியில் செருகிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு, வாசலில் வைத்தவனுக்கும் வீட்டில் நோய் என்று வாயால் சொன்னவனுக்கும் பன்னிரண்டு சவுக்கடி. கடைசியில் நாட்டிலிருக்கிற வேப்பமரங்களையே வெட்டச் சொன்னார்கள். வெட்டப் போனவர்கள் தோளோடு தோள் நின்று வெட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த மாதமே செத்தார்கள். ‘மரம் விழுந்து’ என்று ஓலையில் எழுதிக்கொண்டார்கள்.

தமுக்கடித்துச் சொன்னார்கள்: “போன மாதம் ஆயிரத்து நூறு வீட்டில் வேப்பிலை! இன்று ஒரு வீட்டிலும் இல்லை! காய்ச்சல் ஒழிந்தது!”

காத்தாயியின் புருஷன் வீட்டில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். இருளப்பன் மகளைத் தன் குடிசைக்குக் கூட்டி வந்துவிட்டு, கொட்டடிக்கு ஓடினான்.

“யம்மா, எந்த வீட்டுல சீக்கு இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. பிரசவத்துக்குப் புள்ளைய அங்க விடணும்.”

“வாசலைப் பார்த்துத்தானேய்யா நான் சொல்லிக்கிட்டு இருந்தேன்? இப்ப எல்லா வாசலும் ஒண்ணுபோல இருக்கு.” யானையின் காலுக்கு மருந்து தடவிக்கொண்டே அம்மாள் கேட்டார்: “அன்னைக்கு நீயும்தானே சிரிச்சே?”

“சிரிச்சேன்.”

“சரி விடு. உன் வீட்டுலயே வெச்சுக்க. யாரையும் உள்ள விடாத.”

“பொம்பளை இல்லாத வீடும்மா. நான் என்னத்தைப் பார்ப்பேன் பிரசவம்? நீங்க வாங்களேன்.”

அம்மாள் வாசலைக் காட்டினார். இரண்டு காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள்.

இருளப்பன் மகளைத் தங்கை ராக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனான். வாசல் சுத்தமாக இருந்தது. தெருமுனையில் சவுக்கோடு சேவகன்.

“வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

ராக்கு சேவகனைப் பார்த்தாள். “எங்களுக்கென்ன, நல்லாத்தாண்ணே இருக்கோம்” என்றாள்.

உள்ளறையில் அவள் புருஷன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். அது இருளப்பனுக்கு ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் காத்தாயிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பன்னிரண்டாம் நாள் அவள் போனாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

“சொல்லணும்னுதாண்ணே வாயெடுத்தேன்” என்று ராக்கு மாரில் அடித்துக்கொண்டாள். “சவுக்கு அங்கயே நின்னுச்சுண்ணே.”

கணக்கன் வந்து ‘பயத்தால் மரணம்’ என்று எழுதிக்கொண்டு, சத்தமாக அழக் கூடாது, பக்கத்து வீட்டுக்குப் பயம் பரவும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் போன ஐந்தாம் நாள் மைதானத்தில் கூட்டம். காய்ச்சலை ஒழித்த ராஜாவுக்கு ஜனங்கள் கை தூக்கினார்கள். தூக்க முடியாதவர்கள் வரவில்லை, அவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். பேசி முடித்த அஞ்சாவர்மனுக்குத் தாகம். இருளப்பனை மேடையில் ஏற்றினார்கள்.

“இன்னைக்கு வேற ஆளை விடுங்க சாமி” என்றான் இருளப்பன். அதற்குமேல் பேச முடியாமல் இருமினான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“என்ன சத்தம் அது?” என்றார் மெய்யப்பர்.

“இருமலுங்க. எம் மகளுக்கு வந்த அதே சீக்கு.”

“நாட்டில் சீக்கு இல்லை. குடித்துக் காட்டு.”

“நான் சொல்லிட்டேன் சாமி.”

“குடி!”

இருளப்பன் வெள்ளி டம்ளரில் உதடு பட ஒரு வாய் குடித்தான். டம்ளருக்குள்ளேயே இருமல் வந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ராஜாவிடம் நீட்டினான்.

அஞ்சாவர்மன் டம்ளரைப் பார்த்தான். பிறகு மெய்யப்பரைப் பார்த்தான். மெய்யப்பர் கூட்டத்தைப் பார்த்தார். குடிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். விஷம் என்று சொல்ல முடியாது; குடித்தவன் எதிரே நிற்கிறான். மிச்சமிருந்தது ஒரே காரணம். அதைச் சொன்னால் பன்னிரண்டு சவுக்கடி.

“குடிங்க மகாராஜா” என்றான் இருளப்பன். “நீங்களே பயந்தா நாங்க என்ன பண்றது?”

அஞ்சாவர்மன் குடித்தான். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று.

இப்போது ராஜா படுத்திருக்கிறான். ராணி ஒரு வேலைக்காரியைக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கொத்து வேப்பிலை கொண்டு வரச் சொன்னாளாம். அவள் நாடு முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாளாம். அரண்மனை வாசல் சுத்தமாக இருக்கிறது. சௌக்கியம் விசாரிக்க மந்திரிகள் வரிசையாக உள்ளே போகிறார்கள். ராஜாவின் குரல் கம்மிவிட்டதால் ஒவ்வொருவரும் குனிந்து, அவன் வாயருகே காதை வைத்துக் கேட்கிறார்கள். முதலில் குனிந்தவர் மெய்யப்பர்.