ஊதக்காவின் முழு நிமிடம்

திருப்பூரில் ஊதக்காவிடம் ஊதாத வாய் ஒன்றுகூடக் கிடையாது. டீ மாஸ்டர், டவுன் பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் பையிலிருந்து பிளாஸ்டிக் குழலை எடுத்து நீட்டிவிடுவார். "ஒரே ஊது ஊதுங்க சாமி!" மூச்சுக்கு எவ்வளவு பலம் என்று அதிலிருக்கும் சிவப்பு முள் சொல்லும். ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஊதியதும் முள் கடைசிக்கே போய் நின்றது. தாலி கட்டுவதைக்கூடப் பார்க்காமல் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சுத் தூசியால் வரும் ஆஸ்துமாவை ஆராய்ச்சி செய்ய எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தார். சூப்பர்வைசர் அதை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் என்றே நினைத்துவிட்டார். எல்லோருக்கும் புது மாஸ்க் கொடுத்து, "அந்தம்மா போறவரைக்கும் ஒருத்தரும் இருமக் கூடாதுங்க" என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம், "இருமலா? அப்படின்னா என்னங்க?" என்றோம். அக்கா நோட்டை மூடிக்கொண்டு போனார். மொத்த செக்‌ஷனும் ஒன்றாக இருமியது. மறந்த குடையை எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்று சிரித்தார்.

"அப்பாடா! இப்பத்தானுங்க நெசம் பேசறீங்க!"

எல்லோரையும் ஊதச் சொன்னார். என் முறையில் முள் அசையவே யோசித்தது. அப்போது எனக்கு ஐந்தாவது மாதம்.

"டாக்டர் இன்ஹேலர் குடுக்கலையா கண்ணு?"

"குடுத்தாருங்கக்கா. வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு மாமியார் அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சுட்டாங்க."

"உனக்கே மூச்சில்லீனா அதுக்கு எங்கிருந்து வரும்?"

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து மாமியாரை ஊத வைத்தார். மருமகளைவிட இரண்டு மடங்கு என்றதும் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தப் பாதி மூச்சுலதானுங்க உங்க பேரப்புள்ளையும் இருக்குது" என்றார் அக்கா. அரிசி டப்பா திறந்தது.

மகள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் கடிகாரம், கண் குழந்தையின் வயிற்றில்; மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். "அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கிக்கங்களேன்" என்றார் மாமியார்.

"பச்சக் கொழந்தைக்கு மூச்சு நின்னு நின்னு வருமுங்க. முழு நிமிஷம் எண்ணோணும். போங்க, விட்டுப்போச்சு!" மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முடித்ததும் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "நாப்பத்திரெண்டு! தங்கமாட்டம் மூச்சுங்க!"

போன மாதம் ஊதக்கா மாரடைப்பில் போய்விட்டார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது என் கண் தானாக அவர் நெஞ்சுக்குப் போனது. எண்ண ஒன்றுமில்லை என்று தெரியும். இருந்தாலும் முழு நிமிடமும் நின்றேன். அரை நிமிடத்தில் நகர்ந்தால் திட்டுவார்.